ஏழாம் கூண்டின் அளவு

மருந்து தடவத் தொடங்கி இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. இலைச்சாறு தடவிய ஆறு எலிகளின் சீழ்ப்புண்களும் மெதுவாகத்தான் ஆறின. ஒப்பீட்டுக்காக ஒன்றும் தடவாமல் விட்ட ஏழாவதன் புண் மட்டும் குறிப்பேட்டில் தினமும் சுருங்கி, இன்று இரண்டு மில்லிமீட்டர். புண்களை அளக்கும் ஆய்வக அக்கா பார்க்காமலே எழுதுகிறார் என்று எனக்கு எரிச்சல்.

"ஒம்பது நாள் வேலையும் விழலுக்கு இறைச்ச தண்ணி," என்றார் என் ஆய்வு வழிகாட்டி. "மருந்த மாத்தித் தடவிட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப அக்கா அளந்தது தப்பா?"

"நான் எதுக்குத் தப்பா அளக்கறேன்?" என்றார் அக்கா. "மத்ததெல்லாம் கடிக்குது. ஏழுதான் சில்லுன்னு கையில சாஞ்சு படுத்துக்குது."

ஒப்பீட்டு எலி இல்லையென்றால் என் ஆய்வு செல்லாது. அதனால்தான் சொல்லாமல் இருந்தேன்.

"ஏழு மொத நாளே செத்துப்போச்சு சார். நான்தான் பொதைச்சேன்."