மைனஸ் மூன்று அவுன்ஸ்

அடுத்தவன் எச்சில் தட்டை நிறுப்பது அருவருப்பான வேலை. பரிமாறிய சோற்றை நிறுக்க வேண்டும், மிச்சத்தை நிறுக்க வேண்டும், கழித்தால் தின்ற அளவு வரும். சிரம்பானில் மூன்று நாள் இதைக் கற்றுக்கொடுத்து, எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயங்களின் உணவுக் கணக்கெடுப்பை, ஆபீஸ் கிராணியான என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் லயத்துக்குப் போவேன். அங்கே எதையும் வாயில் வைக்க மாட்டேன்.

ராக்கம்மா வீட்டில் நாலு பேர், தட்டு ஐந்து. ஐந்தாவது, காட்டோரம் சுடப்பட்டுச் செத்த அவள் புருஷனுக்காம். மலாயாவில் அப்போது அவசரகாலம்; காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போனால் ஜெயில். அதனால் அந்தத் தட்டையும் நிறுத்தேன். வைத்தது எட்டு அவுன்ஸ். கூடையால் மூடி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாள். பதினொன்று.

மறுநாளும் பதினொன்று.

மூன்றாம் நாள் நானே கூடையைத் தூக்கினேன். வைத்த சோற்றின் மேல் மென்ற சோறு கிடந்தது. எச்சில் இன்னும் சூடாக இருந்தது.

"இதென்ன ஊத்தை?"

"தெரியலைங்க கிராணியாரே. நீங்க தராசு கொண்டாந்த நாளிலேர்ந்துதான் இப்படி."

குச்சியால் கிளறினேன். உள்ளே பாகற்காய். அன்று லயத்தில் யாரும் பாகற்காய் சமைக்கவில்லை. என் மனைவி சமைத்திருந்தாள்.

அதை மென்றது நன்றாக நினைவிருக்கிறது. விழுங்கியது நினைவில்லை.