உள்பக்கப் பூச்சு

“பின்னாடி இருக்கற ஓட்டைங்களை மட்டும் அடைச்சிடாதீங்க. மத்தபடி உள்பக்கம் முழுக்கத் தடிமனா பூசிடுங்க” என்றார் வீட்டுக்காரர்.

பூச்சுக்காரி அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆள் நிற்கிற அளவுக்குப் பெரிய அலமாரி, உள்ளே ஒரு தட்டுகூட இல்லை. பின்பலகை முழுக்க விரல் நுழைகிற ஓட்டைகள். மரம் கறுத்துக் கிடந்தது, ஓட்டைகளின் ஓரம் மட்டும் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

“ஓட்டை எதுக்கு சார்?”

“காத்து போகணும்ல. துணி புழுங்கிடும்.”

அடுப்பெரிக்கப் போகிற மேசையைக்கூட மாளிகைச் சாமானாக மாற்றிவிடுவது அவள் தொழில். டெக்ஸ்சர் பிளாஸ்டரில் பூவும் இலையும் புடைக்கவிட்டு, நீர்க்கக் கரைத்த வண்ணத்தைத் தடவித் துடைத்தால் முடிந்தது. இந்த அலமாரிக்கும் வெளிப்பக்கம் நேற்றே முடிந்துவிட்டது. உள்பக்கத்துக்குப் பூச்சு கேட்ட முதல் ஆள் இவர்தான்.

“உள்ள யார் சார் பாக்கப் போறா?”

“பாக்கறவங்க பாப்பாங்க.” அவர் குரல் இறங்கியது. “என் வொய்ஃப் ஊருக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா. அதுக்குள்ள முடிச்சிடணும். ஒரு கீறல் கண்ணுல படக் கூடாது.”

எந்தக் கீறல் என்று கேட்க வாயெடுத்தவள் கதவின் உள்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு நான்கு கோடாக, மேலிருந்து கீழே இழுத்த நகக்கீறல்கள். எங்கே தொடங்குகிறது என்று தொட்டுப் பார்க்க அவள் முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது.

“பூனை” என்றார் அவர், கேட்காமலே.

பூனையாம். பூனை வளர்க்கிற வீட்டில் ஒரு பால் கிண்ணமாவது இருக்காதா? தாழ்ப்பாள் வெளியே, கீறல் உள்ளே, ஓட்டை பின்னாலே. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன? ஊரிலிருந்து வருகிற அந்தப் பெண்மணியை நினைத்தால் பாவமாக இருந்தது.

அவர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். “நல்லா மறைஞ்சிடும்ல?” என்று மறுபடியும் கேட்டார்.

“என் வேலைய நான் பாத்துக்கறேன் சார். நீங்க நின்னா தூசு ஒட்டும்” என்று அவரை விரட்டினாள்.

அலமாரியின் மூன்று பக்கங்களுக்கும் பிளாஸ்டர் பூசினாள். ஓட்டைகளை விட்டுவிட்டாள். கதவின் உள்பக்கத்துக்கு வந்ததும் பூச்சுத் தகட்டைக் கீழே வைத்துவிட்டாள். பிளாஸ்டர் பூசினால் கீறல் நிரம்பிவிடும், அதோடு எல்லாம் மறைந்துவிடும். அதற்குத் துணை போக அவளுக்கு மனசு வரவில்லை.

வெள்ளை வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, வெறும் மரத்தில் தடவி, துணியால் அழுத்தித் துடைத்தாள். கலர் வாஷுக்கு ஒரு குணம் உண்டு. மேட்டில் நிற்காது, பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். கறுத்த கதவில் கீறல்கள் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டது போலத் தெரிந்தன.

கதவைச் சாத்தினாள். “ஈரம் சார், திறந்துடாதீங்க” என்று குரல் கொடுத்தாள். அவர் மூச்சை விட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கிறவர்கள் ரொம்ப நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

சாயங்காலம் வாசலில் கார் நின்றபோதும் அவள் பிரஷ் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். அந்த அம்மாளைத் தனியே பார்க்காமல் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

வந்தவள் சின்னப் பெண்மணி. பூச்சுக்காரியின் தோளுக்குத்தான் இருந்தாள். சிரித்த முகம், குரலில் தேன் வழிந்தது.

“இன்னும் வேலை முடியலையாம்மா? காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியா?”

பெட்டியை எடுத்துவர வீட்டுக்காரர் காருக்கு ஓடினார். அந்த ஒரு நிமிஷம் போதும். பூச்சுக்காரி அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்து, அலமாரிக் கதவைத் திறந்தாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதையெல்லாம் அவர் மறைக்கச் சொன்னாரு. நான் மறைக்கல. நீங்க பயப்படாம இப்பவே என்கூடக் கெளம்பி வந்துடுங்க. எங்க வீட்ல இடம் இருக்கு.”

அந்த அம்மாள் பதறவில்லை. அண்ணாந்து கீறல்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புடவைத் தலைப்பால் ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள், அது போகவில்லை.

“வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்லக்கா.”

“நல்ல பொண்ணு” என்று கன்னத்தைத் தட்டினாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

வாசற்படியில் பெட்டியோடு வந்து நின்றார் வீட்டுக்காரர். நிலையில் இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்தவர், திறந்திருந்த கதவைப் பார்த்ததும் குனிந்தபடியே நின்றுவிட்டார். பெட்டி கையிலிருந்து நழுவியது. பூச்சுக்காரியை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளிகூட இல்லை.

பிறகு, யாரும் சொல்லாமலே, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் அலமாரிக் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். குரலில் தேன் குறையவே இல்லை.

“உள்ள போங்க.”