நோட்டாவிடம் தோற்க நின்றவர்

"எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

சொல்லிவிட்டு ஆர்வில் டுவெய்ட் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

பில்லிங்ஸ் நகரத்தில், ஒரு ஸ்டேக் உணவகத்தின் பின்னறை. செனட் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மொன்டானா மாநில லிபர்டேரியன் கட்சி கூட்டிய மாநாடு. இதைவிடப் பெரிய இடம் அவர்களுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

வரி வேண்டாம், போர் வேண்டாம், அரசாங்கம் என் வேலியைத் தாண்டவே வேண்டாம் என்கிற ஜனங்கள். அன்று காலை மாநாட்டைத் தொடங்கலாமா என்பதற்கே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அதையும் ஒருவர் எதிர்த்தார்.

செனட் தேர்தல் வந்தால் ஆர்வில்தான் அவர்களுடைய வேட்பாளர். ஜெயித்த சரித்திரம் கிடையாது. ஆனால் அவர் பிரிக்கிற அந்தக் கொஞ்சூண்டு ஓட்டு போதும், இப்போது பதவியில் இருக்கிற செனட்டரைக் கவிழ்க்க. போன தடவை மனுஷன் மயிரிழையில்தான் தப்பித்தார்.

அதனால்தான் போன வாரம் செனட்டரின் ஆள் ஒருவன் ஆர்விலின் வீடு தேடி வந்தான். நல்ல சூட்டு, நல்ல சிரிப்பு. இந்தத் தடவை உங்கள் கட்சி ஆளை நிறுத்தவில்லை என்றால், போருக்கு அனுமதி கேட்கிற தீர்மானம் செனட்டில் ஓட்டெடுப்புக்கு வரும்போது செனட்டர் எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்றான். அவர் ஒருவர் எதிர்த்தால் தீர்மானமே தோற்றுப்போகும். சபையில் அவ்வளவு இழுபறி.

ஆர்வில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பேரம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் மகள் லோர்னாவின் பையன் டேல் தேசியக் காவல் படையில் இருந்தான். கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்ந்த பிள்ளை. படை எந்த நேரமும் போருக்குக் கிளம்பலாம், பையைக் கட்டி வை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆர்வில் பேசாமல் விலகியிருக்கலாம். விலகினால் அந்த நிமிஷமே வேறொருத்தர் எழுந்து நிற்பார். இவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

ஒரே வழிதான். இவர்களுடைய ஓட்டுச் சீட்டு எதுவானாலும் அதில் நோட்டாவும் இருக்கும். அது கட்சி பிறந்த நாளிலிருந்து வருகிற வழக்கம். நோட்டா ஜெயித்தால் கட்சிக்கு அந்தத் தேர்தலில் ஆளே கிடையாது.

எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். செனட்டரின் பேரத்தைச் சொன்னார், டேலைச் சொன்னார்.

இடுப்பில் துப்பாக்கியோடு கஸ் ஹால்டர்சன் எழுந்தார். முப்பது வருஷத்து நண்பர்.

"யோவ் ஆர்வில்! எனக்கு யாரும் உத்தரவு போடக்கூடாதுன்னுதானேய்யா நான் இந்தக் கட்சிக்கே வந்தேன்? இப்ப நீ வந்து இவனுக்குப் போடு, அவனுக்குப் போடாதேங்கறே!"

பாதி அறை கைதட்டியது. போச்சு, வீம்புக்கு என்னை ஜெயிக்க வைத்துவிடுவார்கள் என்று ஆர்வில் நினைத்தார்.

பின்வரிசையில் லோர்னா எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது.

"உங்க யாரையும் நான் எதுவும் கேட்டதில்லை, கஸ் மாமா," என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டுகளைத் தொப்பியில் வாங்கி, எல்லார் எதிரிலும் எண்ணினார்கள். கஸ்தான் எண்ணினார். வேறு யாரையும் அவர் நம்ப மாட்டார்.

நோட்டா ஜெயித்தது.

எந்தக் காலத்திலும் எதிலும் ஒத்துப்போகாத கூட்டம், யாருமே வேண்டாம் என்பதில் ஒத்துப்போய்விட்டது. ஆர்விலைக் கட்டிப்பிடித்தார்கள். தோற்றுப்போன வேட்பாளருக்கு அப்படியொரு கொண்டாட்டத்தை அந்த உணவகம் கண்டிருக்காது. கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் ஆயுசுல முதல் தடவையா சொன்ன பேச்சைக் கேட்டிருக்கேன், படுபாவி," என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

ஆர்விலுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தப்பித்தோம் என்று மட்டும் இருந்தது. பின்கதவு வழியாக வெளியே போனார்.

வண்டி நிறுத்துமிடத்தில் செனட்டரின் ஆள் காருக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் இறங்கினான்.

"உங்க கட்சி ஆள் நிக்கலைதானே சார்?"

"நிக்கலை."

"ரொம்ப நன்றி சார்." அவன் கொஞ்சம் தயங்கினான். "செனட்டர் பேச்சு மாறலை சார், அதை நீங்க நம்பணும். ஓட்டெடுப்புக்கு வந்திருந்தா கண்டிப்பா எதிர்த்திருப்பார். ஆனா ஓட்டெடுப்பே இல்லைன்னு ஆயிடுச்சு. அதிபர் யாரையும் கேக்கலை. படையை ஏத்திக்கிட்டு விமானமெல்லாம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு."

காரில் ஏறிப் போய்விட்டான்.

ஆர்வில் அங்கேயே நின்றார். யாரையும் கேட்காமல்தான் இந்த நாட்டு அதிபர்கள் போருக்குப் போகிறார்கள். ஓட்டெடுப்பாவது, மண்ணாவது. முப்பது வருஷமாக ஏறிய மேடையெல்லாம் அவர் தொண்டை கிழியக் கத்தியது அந்த ஒன்றைத்தான். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அவரும் மறந்துவிட்டார், அவர்களும் மறந்துவிட்டார்கள்.

பின்கதவு திறந்தது. லோர்னா போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள். அழுது சிவந்த முகமெல்லாம் சிரிப்பு.

"டேலுக்குச் சொல்லிடலாம்னு பார்க்கறேன்பா. எடுக்கவே மாட்டேங்கறான்."

ஆர்வில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மறுபடி போடும்மா," என்றார். "எடுக்கற வரைக்கும் போடு."