கடைசிக் காட்சியில் ஒரு சிரிப்பு

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைதட்டினார்கள். கொடுத்த காசுக்கு அழுதாயிற்று என்று எல்லார் முகத்திலும் ஒரு திருப்தி.

பழைய அட்டை பொறுக்கிப் பிழைக்கும் புருஷன் பெண்டாட்டியின் கதை. அதே பிழைப்பில் இருந்த ஒரு தம்பதியைத்தான் நடிக்க வைத்திருந்தார் இயக்குநர். மனைவியாக நடித்தவள் முன்வரிசையில், மெத்தை நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கடைசி மூச்சு இருக்கே, அடடா! மனுஷன் பிச்சு உதறிட்டார்,” என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர்.

“அந்தம்மாதான் சொதப்பிட்டாங்க,” என்றாள் பின்வரிசைப் பெண். “புருஷன் மடியில சாகறான், இவங்க சிரிக்கிறாங்க. எந்தப் பொம்பளையாவது அப்படி இருப்பாளா?”

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “அது தெரிஞ்சே வச்சதுங்க. வறுமை கண்ணீரைக்கூட வத்த வச்சிடும்.”

கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவள் மட்டும் இயக்குநரையே வெறித்துப் பார்த்தாள்.

வாசலில் பின்வரிசைப் பெண் அவளை மடக்கினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நிஜமாவே டைரக்டர்தான் சிரிக்கச் சொன்னாரா?”

“இல்லம்மா, அழத்தான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு தலையைத் தொங்கப் போட்டதும், அடேயப்பா, இந்த மனுஷனுக்கு இவ்வளவு நடிப்பு வருமான்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

அவள் ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

“‘கட்’ சொன்னப்புறமும் அவரு எந்திரிக்கலம்மா.”