ராசியான கை

"ஒரு றிமோட்டுக்காக வளர்ந்த மனுசன் இப்படி மூஞ்சையைத் தூக்கி வச்சுக்கொண்டு நிற்கிறதே?"

சிவமணி பல்கனியில் நின்று புறுபுறுத்தாள். கீழே கார் டாஷ்போர்டைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் ரிம்ஸான் வயர்களுக்குள் தலையைக் கொடுத்திருந்தான். பக்கத்தில் ட்ரைவர் றெஜி, செத்த வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

இந்த வீட்டில் அவருக்கு அன்றுதான் கடைசி நாள். கண் மங்கிப்போய் லைசன்ஸ் மெடிக்கலில் பெயிலாகிவிட்டார். இனி லைசன்ஸ் கிடையாது. சிவமணியின் மகன் அபிஷன்தான் காரை ஓட்டப் போகிறான். அது முடிவானதும் அவள் கணவர் நாகேந்திரம் செய்த முதல் வேலை, ரிம்ஸானைக் கூப்பிட்டு அலாரமும் றிமோட் ஸ்டார்ட்டும் பொருத்தச் சொன்னதுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் காரின் முதல் ஸ்டார்ட் றெஜியின் கையால்தான். "அவன்ர கை ராசியான கை" என்பார் நாகேந்திரம். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் பிடித்து றெஜி வந்து சேரும்வரை சாவியை எவரும் தொடக்கூடாது. எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் படி இறங்கலாம். கார்கள் மாறின, வழக்கம் மாறவில்லை. எந்த ட்ரைவருக்கு இந்த மரியாதை கிடைக்கும் என்று சிவமணி அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்.

றெஜிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காரில் ஏறுமுன் குந்தியிருந்து அடியில் நன்றாக எட்டிப் பார்ப்பார். "பூனை கீனை படுத்திருக்கும், பாவம்" என்பார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவார்.

"மல்லி, இதக் கழட்ட ஏலாதா?" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்து ரிம்ஸானிடம் கேட்டார் றெஜி.

"என்ன அய்யே, பூட்டி முடிய முந்தியே கழட்டச் சொல்றீங்க?" ரிம்ஸான் சிரித்தான். "ஸேர் மேல நின்டுக்கிட்டே பொத்தான அமத்தினாச் சரி. ஸ்டார்ட் ஆகி ஏஸியும் ஓடும். வேற ஆள் கைய வச்சா லேன் முழுக்கக் கேக்கக் கத்தும்."

"மேல நின்டே அமத்தினா, கீழ குனிஞ்சு பாக்கிறது யாரு?"

"எதப் பாக்க?"

"பூனைய."

ரிம்ஸானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலே சிவமணியும் சிரித்தாள். "தன்ர இடத்தை மெஷின் பிடிச்ச பொறாமை. சொல்ல வெட்கம், பூனையைச் சாட்டுறார்."

வேலை முடிந்தது. நாகேந்திரம் றிமோட்டுடன் பல்கனிக்கு வந்தார். கீழே இறங்கப் பார்த்த அபிஷனின் கையை இறுக்கிப் பிடித்தார். சிவமணியைத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பொத்தானை அமத்தினார்.

எஞ்சின் ஒழுங்காக ஓடியது. நாகேந்திரத்தின் சேர்ட் வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னப்பா இது?" என்றான் அபிஷன்.

சிவமணி தேத்தண்ணி போட உள்ளே போன பிறகே அவர் சொன்னார்.

"நீ அப்ப சின்னப்பிள்ளை. சண்டைக் காலம். 'உன்ர காரில குண்டு வைப்பம்' எண்டு எனக்கு ஒரு போன் வந்தது. ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. அடுத்த கிழமைதான் றெஜியை வேலைக்கு எடுத்தனான்."

அபிஷன் கீழே நின்ற றெஜியைப் பார்த்தான். "அப்ப, அந்த ராசியான கை?"

"அவனுக்கு ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், அப்பா!"

"என்ர பயம் முடியேல்லையே. இனி நீ போய்ச் சாவியைத் திருப்ப, நான் மேல நிண்டு பார்க்கேலுமோ? நீ என்ர பிள்ளையடா."

"றெஜி அங்கிளும் ஆரோ ஒராளின்ர பிள்ளைதானே?"

நாகேந்திரம் றிமோட்டைச் சேர்ட் பைக்குள் போட்டார். "அவனுக்கு ஒண்டும் தெரியாது" என்றார். "சந்தோசமாத்தான் செய்தவன்."

அதற்குப் பிறகு அந்தப் பல்கனியில் நிற்க அபிஷனுக்குக் கூசியது. ஸ்கூலுக்கு, டியூஷனுக்கு, கோயிலுக்கு என்று அவன் பத்திரமாகப் போய்வந்த காலையெல்லாம், றெஜி தன் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த காலை. படிகளில் ஓடி இறங்கினான்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. ரிம்ஸான் போய்விட்டான். றெஜி பையும் குடையுமாகக் கேட்டடியில் நின்றார்.

"அங்கிள்..."

மன்னிப்புக் கேட்பதென்றால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

றெஜி அவன் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பொத்தான மேல நின்டு அமத்தாதீங்க. முதல்ல இறங்கிவந்து, காருக்கடியில ஒருக்கா குனிஞ்சு பாத்துடுங்க."

"பூனைக்கா, அங்கிள்?"

"இத்தனை வருசத்துல இந்த லேன்ல ஒரு பூனையக் கண்டிருக்கீங்களா, தம்பி?"

அபிஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுகொண்டே... ஏன் அங்கிள்?"

"அப்ப நீங்க ஸ்கூலுக்குப் போற கார். நான் பாக்காட்டி வேற யாரு பாப்பாங்க?"

றெஜி குடையை விரித்தார். இரண்டடி போனவர் திரும்பி, பல்கனியை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் ஐயாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், வெட்கப்படுவாரு."