கண்ணில் பிசிறு இல்லை

சன்னல் வெயில் கட்டிலின் பாதிவரை வந்திருக்கிறது. விடிந்ததிலிருந்து சிறுநீர் பிரியாமல் துடிக்கும் அப்பாவுக்கு நர்ஸ் மெல்லிய குழாயை நிதானமாகச் செலுத்துகிறார். கிழிந்து கிடக்கும் அதன் உறையில் மகள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முத்திரை. குழாய் நுனியில் இருக்கும் துளைக்கு அங்கே 'கண்' என்று பெயர். அதில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்புகிறவள் அவள். "குழாய் தடவுற உத்தியோகம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பேசும் அப்பா, இப்போது பல்லைக் கடித்தபடி அவள் விரல்களை இறுகப் பிடித்திருக்கிறார். "வலிக்குதாப்பா?" என்று குனிந்து கேட்கிறாள் மகள். குழாய்க்குள் மஞ்சள் கோடு ஒன்று இறங்குகிறது. கட்டிலடியில் தொங்கும் பையில் முதலில் சொட்டுகிறது, பிறகு ஓடுகிறது. அப்பாவின் பிடி தளர்கிறது, ஆனால் விரல்களை விடவில்லை. "வலிக்கவே இல்ல," என்கிறார், இமை திறக்காமல். "நல்லாத்தான் தடவியிருக்க, கண்ணு."