எண்பத்தேழாவது இடம்

ஐந்தாவது இடத்தைச் சொன்னபோதே அவன் சிரித்துவிட்டான்.

"அதுவா? அது அந்தக் குழுவோட மூணாவது நல்ல ஆல்பம்ங்க. ரெண்டாவதுகூட இல்லை."

அவள் காபிக் கோப்பையைச் சற்றே தள்ளி வைத்தாள்.

தில்லைநகரில் ஒரு காபிக் கடை. பெண் பார்த்தாகிவிட்டது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் முடிந்துவிட்டன. 'சின்னவங்க வெளியில போய் மனசு விட்டுப் பேசிட்டு வரட்டும்' என்று பெரியவர்கள் அனுப்பியிருந்தார்கள்.

அவன் மனம் விட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

தரகர் அனுப்பிய படங்களில் மற்றவர்கள் எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். ரகுநந்தன் மட்டும் கறுப்பு டி-ஷர்ட். மார்பில் முள்ளுச்செடி போல் பின்னிக்கிடந்த எழுத்துகள். யாருக்கும் அது ஓர் இசைக்குழுவின் பெயர் என்றே தெரியாது.

இந்துமதிக்குப் படிக்க முடிந்தது.

"இவரைப் பார்க்கலாம்மா" என்றாள். வேண்டாம் வேண்டாம் என்றே முப்பத்திரண்டு வயதை எட்டியவள். அம்மா அன்று கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள்.

கல்லூரி நாளிலிருந்து அவள் ஹெவி மெட்டல் கேட்கிறாள். தனியாக. வீட்டில் அதற்குப் பெயர் 'அந்தக் கத்தல்'. அலுவலகத்தில் யாராவது என்ன கேட்கிறாய் என்றால், பழைய பாட்டு என்று சொல்லிவிடுவாள்.

அதனால்தான், "உங்க டாப் ஃபைவ் சொல்லுங்க" என்று அவன் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பதில் மட்டும் தயாராக இருந்தது. பஸ் பயணங்களில் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிய பதில்.

நான்காவது.

"கீபோர்டெல்லாம் வச்சு இழுப்பாங்களே. சரி, சரி."

மூன்றாவது.

"அதுல டிரம்மர் மாறிட்டான், தெரியுமா?"

தெரியும் என்றாள். அவன் அதைக் காதில் வாங்காமல், ஏன் மாறினான் என்று விளக்கி முடித்தான்.

இரண்டாவதைச் சொன்னதும் போனை எடுத்தான். அவனுடைய தரவரிசை. நூற்றுக்கணக்கான ஆல்பங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், தசமப் புள்ளியோடு.

"இது ஒரு சயின்ஸ்ங்க. உங்களுக்கு மெலடி பிடிக்கும்போல. பொண்ணுங்களுக்குப் பொதுவா அப்படித்தான்."

முதலிடத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள்.

சொன்னாள்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"உறைஞ்சுபோன ஏரி மேல வெள்ளைக் குதிரை நிக்குமே, அந்த அட்டையா? பவர் மெட்டல்! வாளு, டிராகன், இளவரசி. குழந்தைங்க பர்த்டேக்குப் போடலாம்." விரலால் பட்டியலை உருட்டினான். உருட்டிக்கொண்டே போனான். "எண்பத்தேழாவது இடம். அதுவும் பாவம் பாத்து."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குதிரையைப் பார்த்து அவளே சிரித்திருக்கிறாள்.

"கடைசிப் பாட்டுல ஒரு இடத்துல பாடறவர் குரல் உடைஞ்சுடும்," என்றாள். "திருப்பிப் பாடாம அப்படியே விட்டிருப்பாங்க. அந்த இடம்..."

அப்பா இறந்த வருடம். அழுகை முழுவதையும் அம்மாவே எடுத்துக்கொண்டாள். இந்துமதி பந்தல்காரனிடம் பேசினாள், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், வங்கிக்கு அலைந்தாள். அவளுக்காக அழுதது அந்த ஓர் இடம்தான்.

இதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"நான் அதெல்லாம் கேட்டதில்லைங்க," என்றான் அவன்.

"கடைசிப் பாட்டையா?"

"ஆல்பத்தையே. முதல் பாட்டு ஒரு நிமிஷம் ஓடுச்சு. மிச்சம் ரிவ்யூல படிச்சுக்கிட்டேன். போதுமே."

அப்போதுதான் அவள் அவனை முழுதாகப் பார்த்தாள்.

இவன் எதற்கும் மதிப்பெண் போடுவான். உப்புமாவுக்குப் போடுவான். மாமியார் வீட்டுத் தீபாவளிக்குப் போடுவான். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் ஓர் எண் விழும், தசமப் புள்ளியோடு. தொட்டுப் பார்க்காமலேகூட விழும்.

பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

காபியைக் குடித்து முடித்தாள். நல்ல காபி.

மாலையே அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்காம்டி! ரசனையை மட்டும் கொஞ்சம் தேத்திட்டா போதும்னாராம் மாப்பிள்ளை."

"வேண்டாம்னு சொல்லிடும்மா."

"ஏன்டி? என்ன குறை அவருக்கு?"

இந்துமதி யோசித்தாள். விளக்கலாம். முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

"காது கேக்காதும்மா."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"அடப்பாவிகளா! ஒரு வார்த்தை சொல்லலையே!"

அதற்குள் தரகரின் எண்ணை அழுத்தியிருந்தாள். என் பொண்ணைப் பாழுங்கிணத்துல தள்ளப் பாத்தீங்களே என்று தொடங்கினாள். மறுமுனையில் அவர் ஏதோ சொல்ல முயன்றார். ரகுநந்தன் எல்லோரிடமும் நன்றாகத்தானே பேசினான் என்பது போல.

இந்துமதி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். திருத்தவில்லை.

"பேசறதெல்லாம் நல்லாத்தான் பேசுவாருங்க," என்றாள் அம்மா. "கேக்குமான்னு பாத்தீங்களா?"